வால் உதிர்ந்த எழுத்து

போன மாதம் ஜெயந்தி போன் செய்தாள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். கல்லூரி மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் கேட்டாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீக. இப்ப நெறைய ஜர்னல்ல முதல் தடவை எப்படி வேணும்னாலும் அனுப்புங்க, வடிவத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்னு சொல்லுதாக. ரெபரன்ஸ் எல்லாம் சாஃப்ட்வேரே அடுக்கிருது. அப்ப நீங்க இத்தனை வருசமா என்னதான் செஞ்சீக?”

எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். “எழுதித் தாரேன், படிச்சுக்கோ” என்றேன்.

நான் செய்த வேலை இதுதான். கல்லூரியில் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் எழுதும் கட்டுரைகளை, எந்த ஆய்விதழுக்குப் போகிறதோ அந்த இதழ் கேட்கும் ஒழுங்கில் அமைத்து, பட்டியல்களையும் படங்களையும் தனித்தனிக் கோப்புகளாக்கி, இணையத்தில் ஏற்றி, “வந்து சேர்ந்தது” என்ற மின்னஞ்சல் வரும்வரை காத்திருப்பது. எனக்குப் பட்டம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தட்டச்சு படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் கிரேடு வரை தேறினேன். ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை விழா நோட்டீசும் கம்ப்யூட்டரில் வடிவமைத்தேன். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். அவர் வடக்கே இருந்த வருடங்களில் கல்லூரியில் தட்டச்சர் வேலை கிடைத்தது. ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியபோது என்னை அங்கே மாற்றினார்கள். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் சுபத்ரா மேடத்திடம் வேலை பார்த்ததில் வந்தது.

சுபத்ரா மேடம் வேதியியல் பேராசிரியர்; ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. யாராக இருந்தாலும், பெருக்க வருகிறவரையும், ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். அடுத்தவர் தாளில் பேனாவால் கோடு போடமாட்டார். பென்சில்தான். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

“பேனாவுல போட்டா நான் சொன்னதுதான் முடிவுன்னு ஆயிருது. பென்சில்னா அவங்க அழிச்சிக்கலாம்ல” என்றார்.

முதல் நாள் ஓர் ஆய்விதழின் விதிமுறைத் தாள்களை என் கையில் கொடுத்தார். பதினோரு பக்கம். வரிக்கு எண் போட வேண்டும், வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி விட வேண்டும், சுருக்கம் இத்தனை சொல்லுக்கு மேல் போகக்கூடாது, பட்டியலில் நெடுக்குக் கோடு கூடாது, படங்கள் இவ்வளவு துல்லியம் இருக்க வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது.

“படிச்சிட்டு, புரிஞ்ச வரியில எல்லாம் டிக் போடுங்க. டிக் இல்லாத வரியை நாம ரெண்டு பேரும் உக்காந்து படிப்போம்” என்றார்.

ஐந்து டிக் போட்டுக்கொண்டு போனேன். அவர் சிரிக்கவில்லை. மிச்சத்தை மூன்று நாள் என்னுடன் உட்கார்ந்து படித்தார்.

மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கடைசியில் இருந்து மேலே வருவோம். மேலிருந்து கீழே போனால் கண் பழக்கத்தில் ஓடிவிடும் என்பார். நான் சத்தமாகப் படிக்க வேண்டும், நிறுத்தக்குறி உட்பட: “பெயர், கமா, முதலெழுத்து, புள்ளி, அடைப்பில் வருடம், இதழ் பெயர் சாய்வெழுத்து, தொகுதி தடிமன்.” அவர் கட்டுரையின் உள்ளே அந்த மேற்கோள் எங்கே வருகிறது என்று தேடி, கண்டதும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். எண்ணிக்கையை வாய்க்குள் தெலுங்கில் சொல்லிக்கொள்வார்: ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. பட்டியலில் ஐம்பத்திரண்டு இருந்து புள்ளி ஐம்பத்தொன்றுதான் விழுந்தால், அந்த ஒன்று கிடைக்கும்வரை எழுந்திருக்கமாட்டோம். பெரும்பாலும் அது யாரும் படிக்காமலே சேர்த்துவிட்ட கட்டுரையாக இருக்கும். எழுதியவரைக் கூப்பிட்டு, “இதை எங்க சொல்லியிருக்கீங்க?” என்று மட்டும் கேட்பார். அவர் தலையைச் சொறிவார். மேடம் அழிப்பானை அவர் பக்கம் தள்ளுவார்.

அவர் போட்ட இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். எந்தக் கட்டுரை என் கைக்கு வந்தாலும், திறப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து ‘தொடாதது’ என்று பெயரிட்ட தொகுப்பில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அதில் யாரும் எதையும் மாற்றக்கூடாது. வேலை எல்லாம் வேறு பிரதியில்தான். முதல் வருடம் இது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது.

தவறுகள் நடந்தன. எழுதியது யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது என்று சொல்லும் இதழ் ஒன்றுக்கு, பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினேன். அன்று மாலையே திரும்பி வந்தது. கோப்பின் உள் விவரத்தில் எழுதியவர் பெயர் அப்படியே இருந்ததாம். அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை விலங்கியல் ஆசிரியர் ஒருவர் செண்பகத்தோப்பில் எடுத்த அணில் படங்களைக் கட்டுரைக்குள்ளேயே ஒட்டி, மூலையைப் பிடித்துச் சுருக்கிக் கொண்டுவந்தார். இதழ் கேட்ட துல்லியத்துக்கு மூலப் படம் வேண்டும். “கேமராவுல அழிச்சிட்டேனேம்மா” என்றார். முடியாது என்று நான் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். வனத்துறையிடம் மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி மலையடிவாரத்தில் நாலு நாள் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என்னை மனதுக்குள் திட்டியிருப்பார். ஆனால் இரண்டாம் தடவை கூடும் குட்டியுமாகக் கிடைத்தது. அந்தப் படத்தைத்தான் இதழ் அட்டையில் போட்டார்கள். அதன் பிறகு அவர் எனக்கு வணக்கம் சொல்லாமல் படியேறியதில்லை.

இப்படிச் சில வருடம் போனதும் எனக்கு ஒரு நிமிர்வு வந்துவிட்டது. தேவையில்லாத நிமிர்வு என்று சொல்லமாட்டேன். கமா எங்கே வர வேண்டும் என்று டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு நான் சொன்னேன். நான் சொன்னது சரியாகவும் இருந்தது. கற்பகத்தின் கட்டுரை வந்தபோது நான் அந்த நிமிர்வில்தான் இருந்தேன்.

கற்பகம் பிளவக்கல் அணைக்குக் கீழே உள்ள ஓர் ஊர்ப் பெண். அப்பா விவசாயி. அணைத் தண்ணீர் வாய்க்காலிலும், சுற்றியுள்ள கிணறுகளிலும் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. நான்கு வருடம் மாதம் தவறாமல் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு வருவாள். கண்டக்டர்கள் மீன் பெட்டி என்று நினைத்து இறங்கச் சொன்ன கதையெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறாள். வழிகாட்டி தேவராஜ் சார். வேலை தெரிந்தவர், பொறுமை இல்லாதவர்.

ஒரு சிறப்பிதழுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். கற்பகம் முந்திய நாளே கோப்பை என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஊருக்குப் போயிருந்தாள். அணைப் பக்கம் போய்விட்டால் போனுக்கு சிக்னல் கிடைக்காது. தேவராஜ் சார் என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். “ஆச்சா, ஆச்சா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கட்டுரை நாலைந்து எழுத்துருக்களில் கலந்து கிடந்தது. இதழ் ஒரே எழுத்துரு கேட்டது. முழுவதையும் தெரிவு செய்து, ஒரே தட்டில் மாற்றினேன். நூறு கட்டுரைக்குச் செய்ததுதான். பிறகு கற்பகம் தந்த அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு பட்டியல் எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஏற்றினேன். எழுதியவர் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று கணினி கேட்டது. வழக்கமாக அந்த இடத்தில் எழுதியவரை உட்காரவைத்து, பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்வேன். தேவராஜ் சார், “நான் பாத்துட்டேன், குடுங்க” என்று அவரே அழுத்திவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: இந்த அளவு மருந்து தண்ணீரில் இருந்தால் அந்த வாய்க்காலில் ஒரு மீன்கூட உயிரோடு இருக்காது, கால்நடைகள் செத்திருக்கும், இவர்கள் உண்மையிலேயே அளந்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆசிரியர் குழு, மூலத் தரவுகளோடு விளக்கம் கேட்டது. தராவிட்டால் கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதுவோம் என்றும் இருந்தது.

தேவராஜ் சார் ஆய்வகத்து வாசலில் வைத்துக் கத்தியது மாடி வரை கேட்டது.

“நாலு வருசம் எங்க அளந்த? வீட்டுல உக்காந்து நம்பர் எழுதுனியா? என் பேரையும் சேத்துக் கெடுத்துட்டியே!”

கற்பகம் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நோட்டை மேசையில் வைத்தாள்.

“அக்கா, நான் மைக்ரோன்னுதான் எழுதியிருக்கேன். நோட்டுலயும் அதான் இருக்கு, மெஷின் தாள்லயும் அதான் இருக்கு. கட்டுரையில மட்டும் மில்லின்னு இருக்கு. நானே தப்பா அடிச்சிட்டேன் போல. எப்படி அம்புட்டு இடத்துலயும் அடிச்சேன்னு தெரியல. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு.”

மைக்ரோகிராம் ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராம் என்பதை இரண்டு மில்லிகிராம் என்று எழுதினால், தண்ணீரில் இருக்கும் மருந்தை ஆயிரம் மடங்காக்கிக் காட்டியதாக அர்த்தம்.

“நீ சாப்பிட்டுட்டு வா. நான் பாக்கேன்” என்று அனுப்பினேன்.

‘தொடாதது’ தொகுப்பைத் திறந்தேன். கற்பகம் தந்த கோப்பு அப்படியே இருந்தது. அதில் எல்லா இடத்திலும் மைக்ரோதான். நான் அனுப்பிய கோப்பைப் பக்கத்தில் திறந்தேன். எல்லா இடத்திலும் மில்லி.

மைக்ரோவைக் குறிக்க மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போடுவார்கள். ஆங்கில ‘யு’வுக்கு முன்பக்கம் ஒரு வால் தொங்குவது போல இருக்கும். விசைப்பலகையில் அதற்கு விசை கிடையாது. அதனால் பலர் என்ன செய்வார்கள் என்றால், ஆங்கில ‘எம்’ எழுத்தை அடித்து, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ‘சிம்பல்’ என்னும் குறியீட்டு எழுத்துருவைக் கொடுப்பார்கள். திரையில் அது மியூவாகத் தெரியும். உள்ளே அது இன்னும் ‘எம்’தான். மில்லிக்கும் அதே ‘எம்’ எழுத்துதான் அடையாளம்.

கற்பகத்தின் கோப்பில் இன்னொரு பிரதி எடுத்தேன். முழுவதையும் தெரிவு செய்தேன். எழுத்துருவை மாற்றினேன். என் கண் முன்னாலேயே அத்தனை மியூவும் வால் உதிர்ந்து ‘எம்’ ஆயின. ஒரே தட்டுதான்.

அன்றைக்கு எண்களை ஒத்துப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? எண்கள் சரியாகத்தான் இருந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த அலகை நான் பார்க்கவில்லை.

அறையில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம். உண்மையைச் சொல்கிறேன், எழுந்து போவதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது. அந்தப் பெண்ணே தான்தான் தப்பாக அடித்ததாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் ‘எம்’ அடித்து எழுத்துரு கொடுத்ததும் சரியான முறை இல்லைதான். ஒப்புதல் கொடுத்தது தேவராஜ் சார். கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னாலும் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. இத்தனையும் மனதில் ஓடியது. ஆனால் தட்டியது என் விரல். அதை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க எனக்குத் தெரியவில்லை.

சுபத்ரா மேடம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மேடம், கற்பகம் கட்டுரையில அலகு மாறினது என்னாலதான்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அடுத்தவர் நாற்காலியில் அவர் உட்காரமாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“செஞ்சு காட்டுங்க.”

காட்டினேன்.

“இன்னொரு தடவை.”

மறுபடி காட்டினேன். மூன்றாவது தடவை அவரே விசையைத் தட்டிப் பார்த்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“இது வரைக்கும் எத்தனை கட்டுரைக்கு இப்படி மாத்தியிருப்பீங்க?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் கையில் வந்து போன கட்டுரை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் மாற்றியிருந்தேன்.

“அதை நாளைக்குத் தொடங்குவோம். இப்ப அந்தப் பொண்ணு எங்க?” என்றார்.

கற்பகம் ஆய்வகத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தனியாகத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“நேத்து ராத்திரி எங்கப்பாகிட்ட, படிப்பை விட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டேன்க்கா” என்றாள். “அவரு ஒண்ணுமே கேக்கல. சரி வான்னுட்டாரு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கை ஈரத்தோடு போனை எடுத்து, எண்ணைத் தட்டி, என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா என்னைக் காப்பாத்திக்கிடுறதுக்குச் சொல்லுதேன்னு நெனைப்பாரு.”

அவள் அப்பாவிடம் அதற்கு முன் நான் பேசியதில்லை. மைக்ரோ, மில்லி, எழுத்துரு எல்லாம் எப்படிச் சொல்வது? “ஐயா, நான் காலேஜ்ல டைப் பண்ணுத அம்மா பேசுதேன். ஒங்க மக எழுதினது சரி. நான் திருத்துறப்ப ஓர் எழுத்து மாறிப்போச்சு. தப்பு ஏம் மேல” என்றேன்.

பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் ஓசை கேட்டது.

“அப்ப எம்மக பொய்க் கணக்கு எழுதலயே?”

“இல்லய்யா.”

“சரிம்மா” என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மேடத்தின் அறையில், கற்பகத்தையும் வைத்துக்கொண்டு, ஆசிரியர் குழுவுக்கு எழுத வேண்டிய விளக்கத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். தேவராஜ் சார் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த தட்டச்சுப் பிழை’ என்று இருந்தது. மேடம் பென்சிலை எடுத்து ‘மாணவியின்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ‘தட்டச்சு’ என்பதற்கு இன்னொரு வட்டம்.

“ரெண்டும் நடக்கல சார். நடந்ததை எழுதுவோம்.”

“மேடம், ஒரு டைப்பிஸ்ட் பேரைப் போட்டு எடிட்டருக்கு லெட்டர் எழுதுவாங்களா? காலேஜுக்கு அசிங்கம்.”

“இந்தப் பொண்ண வாசல்ல நிறுத்திப் பொய்க்காரின்னு சொன்னீங்களே சார், அப்ப காலேஜுக்கு எப்படி இருந்துச்சு?”

குரல் உயரவே இல்லை. தேவராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கற்பகத்தின் பக்கம் திரும்பி, “நான் பாக்காமலே அப்ரூவ் பண்ணேன். அதையும் எழுதிருங்க” என்றார். அவரிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

கடிதத்தை நானே எழுதினேன். மேடம் ஆங்கிலத்தைத் திருத்தினார். எந்த விசை, எந்த எழுத்துரு, எந்த எழுத்து என்று வரிசையாகச் சொல்லி, மூலக் கோப்பு, நோட்டுப் பக்கங்கள், கருவியில் இருந்து வந்த தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்தோம். கடைசியில் என் பெயரும் பதவியும். பதினோரு பக்க விதிமுறையில் ஐந்து டிக் போட்டவள் ஓர் ஆய்விதழின் ஆசிரியருக்குக் கையெழுத்திட்டு எழுதிய முதல் கடிதம் அது.

அடுத்து மேடம் சொன்ன வேலை. இரண்டு மாதம், தினமும் பிற்பகலில், ‘தொடாதது’ தொகுப்பில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் நான் மாற்றிய பிரதியோடு ஒத்துப் பார்த்தேன். இந்தத் தடவை எண்ணை விட்டுவிட்டுக் குறியீடுகளை மட்டும். இரண்டு கிடைத்தன. ஒன்று இன்னும் அனுப்பாதது. இன்னொன்று அச்சாகிவிட்டது; தாவரவியல் பேராசிரியர் ஒருவருடையது. ஆல்ஃபா என்ற எழுத்து வெறும் ‘ஏ’ ஆகியிருந்தது. அளவு எதுவும் மாறவில்லை, ஒரு சேர்மத்தின் பெயர்தான் அரைகுறையாக நின்றது. “யாரும் கவனிக்கலையே, விட்டுருங்களேன்” என்றார் அவர். மேடம் விடவில்லை. இதழில் திருத்தக் குறிப்பு வந்தது. அந்தப் பேராசிரியர் பிறகு பல மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போகட்டும். அந்தப் பெயர் இப்போது சரியாக இருக்கிறது.

அன்று முதல் என் மேசையில் ஒரு சீட்டு முறை வந்தது. எழுத்துருவைத் தொடுவதற்கு முன், கட்டுரையில் மியூ எத்தனை, ஆல்ஃபா எத்தனை, பீட்டா எத்தனை, டிகிரி எத்தனை என்று தேடி எண்ணிச் சீட்டில் எழுதுவேன். ‘எம்’முக்குக் குறியீட்டு எழுத்துரு கொடுத்து வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு உண்மையான மியூவைப் போடுவேன். மாற்றிய பிறகு மறுபடி எண்ணுவேன். இரண்டு எண்ணிக்கையும் ஒத்தால்தான் எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பேன். துணைவேந்தரே பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் எழுதியவர் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்க விடமாட்டேன். நான் ஓய்வு பெறும்வரை என் கையில் இருந்து தவறான அலகோடு ஒரு கட்டுரையும் வெளியே போகவில்லை. இதை நான் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை.

ஆசிரியர் குழுவிடம் இருந்து பதில் வரச் சில வாரம் ஆனது. விளக்கம் தெளிவாக இருக்கிறது, திருத்தி மறுபடி அனுப்புங்கள், அதே மதிப்பீட்டாளர்களிடம் போகும் என்றார்கள். கற்பகம் கோப்பை என்னிடம் கொண்டுவருவாளா என்று எனக்குச் சந்தேகம். அந்த நாட்களில் அவள் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. எனக்கு வலித்தது, ஆனால் அவள் பேசியாக வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஒரு காலையில் வந்தாள். பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு, மேடத்தின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் இங்கனயே இருக்கேன். நீங்க செய்யுங்க.”

நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நான் எண்ண எண்ண, அவளும் தனியாக ஒரு தாளில் எண்ணினாள். மியூ அறுபத்தேழு. மாற்றிய பிறகும் அறுபத்தேழு. “சரியாருக்கு” என்றாள். அவ்வளவுதான். கட்டுரை ஏற்கப்பட்டது. சந்தேகப்பட்ட அதே மதிப்பீட்டாளர், இப்போது எண்களை நம்ப முடிகிறது என்று ஒரு வரியும், மூன்றாம் பட்டியலின் தலைப்பு நீளம் என்று ஒரு பத்தியும் எழுதியிருந்தார். தலைப்பைக் குறைத்தோம்.

கட்டுரை வெளியான செய்தியை வீட்டில் சொன்னபோது, அவள் அப்பா கேட்டாராம்: “இங்கிலீசுல போட்டிருக்கீகளே, ஊருல தண்ணி குடிக்கிறவுகளுக்கு யாரு சொல்லுதது?”

அந்தக் கேள்வியோடு அவள் என்னிடம் வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதினோம். விதிமுறைத் தாள் இல்லாமல் நான் வடிவமைத்த ஒரே ஆய்வுக் கட்டுரை அதுதான். முதல் பிரதியில் மைக்ரோகிராம், அனுமதிக்கப்பட்ட அளவு, சராசரி எல்லாம் இருந்தது. மேடம் படித்துவிட்டு, பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: ‘யார் குடிக்கலாம்? எப்போது?’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி எழுதினோம். எழுத்தைப் பெரிதாக்கி, தூரத்தில் இருந்தே படிக்கும்படி அச்செடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கற்பகத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வத்திராயிருப்புக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மினி பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். அவள் அப்பா தோட்டத்தில் இருந்தார். தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலில் இருந்து படித்தார்.

“வாய்க்கால் தண்ணி குடிக்கலாம். போர்த் தண்ணி குடிக்கலாம். அந்த மேக்கால கெணத்துத் தண்ணிய மட்டும், மருந்தடிக்கிற மாசத்துல குடிக்கக்கூடாது. அம்புட்டுத்தானே?”

“அம்புட்டுத்தான்ப்பா” என்றாள் கற்பகம்.

“ஏட்டி, இதைச் சொல்லவா நாலு வருசம் படிச்ச?”

கற்பகம் சிரித்தாள். மதிப்பீட்டாளர் சந்தேகப்பட்டு எழுதிய பதில் வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

அவர் தாளை மோட்டார் அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார். ஊருக்குள் தண்ணீர்த் தொட்டிச் சுவர்களில் ஒட்ட இன்னும் ஐந்து தாள் வேண்டும் என்றார். கொண்டுபோயிருந்தேன். பிறகு மகளைப் பார்த்து, “வந்தவுகளுக்குத் தண்ணி குடு. வெயில்ல வந்திருக்காக” என்றார்.

கற்பகம் வாய்க்காலில் இருந்து ஒரு செம்பில் மொண்டு வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணாந்து, நிறுத்தாமல், முழுச் செம்பையும் குடித்தேன்.